டச்டவுனைப் பார்த்து டைட் எண்டை விலை பேசாதீர்கள்

அமெரிக்கக் கால்பந்து (NFL) வீரர்களின் நிஜ ஆட்ட எண்களை வைத்து நாமே அணி நடத்துகிற ஃபேன்டஸி ஆட்டத்தில், ஒரே வீரரை வருஷக்கணக்கில் வைத்துக்கொள்ளும் வகைக்கு டைனஸ்டி லீக் என்று பெயர். எங்கள் டைனஸ்டி லீக் வாட்ஸ்அப் குழுவில் இளம் டைட் எண்ட் (எதிரணியைத் தடுக்கவும் வேண்டும், பந்தும் பிடிக்க வேண்டும் என்ற இடத்தில் ஆடுபவர்) ஒருவரை வாங்குவதா விற்பதா என்று பேச்சு வந்தால், முதலில் யாராவது டச்டவுன் (பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) கணக்கைத்தான் எடுத்துப் போடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஒரு சீசனோடு அணியைக் கலைத்துவிடும் ஃபேன்டஸி லீக் என்றால் சரி, போகட்டும். ஆறேழு வருஷம் வைத்துக்கொள்ளப் போகிற வீரருக்கு நான் முதலில் பார்ப்பது டார்கெட். அவரை நோக்கி எத்தனை பந்து வீசப்படுகிறது என்பதுதான்.

டெட்ராய்ட் லயன்ஸின் டைட் எண்ட் சாம் லபோர்ட்டா 2023-ல் ரூக்கியாக, அதாவது முதல் சீசன் வீரராக, 10 டச்டவுன் போட்டதும் அவர் விலை எங்கேயோ போய்விட்டது. அந்த வருஷம் அவருக்கு 120 டார்கெட். அடுத்த வருஷம் 83. பந்தைப் பிடித்து முன்னேறிய தூரமும் 889 யார்டிலிருந்து 726 ஆனது. அதே 2024-ல் அரிசோனாவின் ட்ரே மெக்பிரைடு 147 டார்கெட்டில் 111 பந்துகளைப் பிடித்து 1,146 யார்டு எடுத்தார். ஆனால் பிடித்துப் போட்ட டச்டவுன் இரண்டே இரண்டு! அப்போது அவரைக் கொஞ்சம் மலிவாகப் பேசியவர்கள் உண்டு. 2025-ல் டச்டவுன்களும் வந்து சேர்ந்தன. ஒரு சீசனில் டைட் எண்ட் பிடித்த பந்துகளில் ஸாக் எர்ட்ஸ் 2018-ல் வைத்த 116 என்ற சாதனையையும் அவர் தாண்டினார்.

இதே மெக்பிரைடு 2022-ல் ரூக்கியாக எடுத்தது மொத்தமே 265 யார்டு. அப்போது அரிசோனாவில் அவருக்கு முன்னால் முதல் டைட் எண்டாக நின்றவர் அதே எர்ட்ஸ்தான். டைட் எண்ட் வேலை அப்படி. ஒரு பக்கம் டிஃபென்ஸ் லைனில் நிற்கும் மலை போன்ற ஆட்களைத் தடுக்க வேண்டும், இன்னொரு பக்கம் ரிசீவர் (பந்து பிடிப்பதையே வேலையாகக் கொண்டவர்) மாதிரி, பந்து வாங்கத் திட்டமிட்ட பாதையில் ரூட் ஓட வேண்டும். இரண்டையும் கற்றுத் தேற பலருக்கு இரண்டு மூன்று வருஷம் ஆகும். கன்சாஸ் சிட்டியின் டைட் எண்ட் டிராவிஸ் கெல்சி முழங்கால் காயத்தால் முதல் வருஷத்தையே ஏறக்குறைய முழுக்க இழந்தவர். 2016-லிருந்து தொடர்ந்து ஏழு சீசன் ஆயிரம் யார்டைத் தாண்டினார், கடைசியாகத் தாண்டியபோது வயது 33. தாமதமாகக் காய்த்தாலும் நெடுநாள் காய்க்கிற இடம் இது.

"அப்படியென்றால் கைல் பிட்ஸ்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2021-ல் நான்காவது ஆளாக அட்லாண்டாவுக்குப் போன டைட் எண்ட். ரூக்கி சீசனிலேயே 110 டார்கெட், 1,026 யார்டு. அப்புறம் மூன்று வருஷம் 700 யார்டைக்கூடத் தொடவில்லை. இங்கேதான் டார்கெட் ஏன் வந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது. அந்த ரூக்கி வருஷம் அட்லாண்டா தன் ரிசீவர் ஜூலியோ ஜோன்ஸை விற்றிருந்தது, இன்னொரு ரிசீவர் கால்வின் ரிட்லியும் சீசன் நடுவில் விலகினார். வேறு ஆள் இல்லாததால் பந்து பிட்ஸிடம் வந்தது. 2022-ல் ரிசீவர் டிரேக் லண்டன் வந்தார், அணியும் பந்தை வீசுவதைவிட எடுத்துக்கொண்டு ஓடும் ஓட்ட ஆட்டத்துக்கே மாறியது. மெக்பிரைடு கதை நேர் எதிர். ரிசீவர் மார்வின் ஹாரிசன் ஜூனியரை அரிசோனா 2024 டிராஃப்டில் நான்காவது ஆளாக எடுத்துப் பக்கத்திலேயே நிறுத்திய பிறகுதான் அந்த 147 டார்கெட் வந்தது. போட்டிக்கு ஆள் இருக்கும்போது வருகிற டார்கெட்டுக்குத்தான் நான் விலை கொடுப்பேன்.

இந்தக் கண்ணோடு லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸின் டைட் எண்ட் பிராக் பவர்ஸைப் பாருங்கள். 2024-ல் ரூக்கியாக 112 பந்து, 1,194 யார்டு. மைக் டிட்கா 1961-ல் வைத்த 1,076 யார்டு ரூக்கி டைட் எண்ட் சாதனையே போயிற்று. அணியின் ரிசீவர் டவாண்டே ஆடம்ஸ் சீசன் நடுவில் வேறு அணிக்குப் போனதால் கிடைத்தது என்று சிலர் சொல்கிறார்கள். பாதிதான் உண்மை. பக்கத்தில் ரிசீவர் ஜகோபி மையர்ஸ் அதே சீசனில் ஆயிரம் யார்டைத் தாண்டினார், பந்தை வீசும் குவாட்டர்பேக்குகளும் மாறிக்கொண்டே இருந்தார்கள். 2025-ல் முழங்கால் காயம் வந்து எண்கள் இறங்கியதும் அவரை வைத்திருப்பவர்களுக்கே சலிப்புத் தட்டியிருக்கிறது. டைட் எண்டுக்குக் கூடுதல் புள்ளி தரும் லீக்காக இருந்தால் அவருக்காக இரண்டு முதல் ரவுண்டு பிக்குகளை (எங்கள் லீக் டிராஃப்டில் முதல் சுற்றிலேயே புது வீரரை எடுக்கும் உரிமை) நான் யோசிக்காமல் கொடுப்பேன். மூன்று கேட்டால் பேரம் பேசுவேன், ஆனால் எழுந்து போகமாட்டேன்.