பெட்டிக்குள்ளேயே ஊர் சுற்றிய ஷூ

மூன்று வருஷம் என்னோடு ஒரு ஜோடி ஓட்ட ஷூ ஊர் ஊராக வந்தது. பெட்டியில் மூன்றில் ஒரு பங்கு இடத்தை அதுதான் பிடித்துக்கொள்ளும். கூடவே ஒரு டீ-ஷர்ட், ஒரு ட்ராக் பேன்ட். வீடு திரும்பியதும் மூன்றும் மடிப்புக் கலையாமல் அலமாரிக்குப் போகும். அடுத்த டூருக்கு மறுபடி கிளம்பும். ஒருநாள் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்த மனைவி ஷூவைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கே" என்றாள். ஷூ அப்படியேதான் இருந்தது. வாங்கியவன் ஒன்பது கிலோ கூடியிருந்தான்.

இயந்திரங்களை நிறுவி ஓடவிட்டுத் தருவது என் வேலை. மாதத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து இரவுகள் ஏதாவது ஒரு ஹோட்டல் அறையில் கழியும். அந்த ஒன்பது கிலோவுக்கு வெளிச்சாப்பாட்டைக் குறை சொல்லலாம், நேரமில்லை என்றும் சொல்லலாம். இரண்டும் ஓரளவு நிஜம். ஆனால் இரண்டுக்கும் முன்பே மனசுக்குள் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது: டூர் நாட்கள் கணக்கில் சேராது. வீட்டில் இருக்கும்போது காலையில் நடப்பேன், இரவில் அளவாகச் சாப்பிடுவேன். பெட்டியை மூடியதும் அந்த ஆள் வீட்டிலேயே தங்கிவிடுவான், வேறொருவன் கிளம்பிப் போவான். வருஷத்துக்கு ஒரு தடவை பயணம் போகிறவருக்கு இந்தக் கணக்கு சரிதான். மாதத்தில் பாதியை வெளியே கழிக்கிறவனுக்கு அது பாதி ஆயுள்.

கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேலைக்காகப் பயணம் செய்பவர்களைப் பற்றி 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. மாதத்தில் 14 இரவுகளோ அதற்கு மேலோ வெளியே தங்குகிறவர்களை, 6 இரவுகள் வரை தங்குகிறவர்களோடு ஒப்பிட்டார்கள். முதல் கூட்டத்தில் உடல் எடை கூடுதல், புகைப்பது கூடுதல், தூக்கக் கோளாறு கூடுதல், மனப்பதற்றமும் சோர்வும் கூடுதல். பயணம்தான் இதற்கெல்லாம் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை. இருந்தாலும் படிக்கும்போது என் ஜாதகத்தை யாரோ உரக்க வாசிப்பது போல இருந்தது.

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, கம்பெனி செலவில் சாப்பிடுவது அதேதான். ஒரு நாளைக்கு இவ்வளவு வரை செலவு செய்யலாம் என்று விதிமுறையில் எழுதியிருக்கும். அவர்கள் வரம்பு என்று எழுதியதை நான் இலக்கு என்று படித்தேன். மிச்சம் வைத்தால் ஏதோ என் சொத்து போய்விடும் என்பது போல, பில் அந்த எண்ணைத் தொடும்வரை ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொண்டே இருப்பேன். சொந்தக் காசு என்றால் தொட்டிருக்க மாட்டேன்.

காலை பஃபே இதன் உச்சம். இதில் நம் பலவீனத்தைவிட உடம்பின் இயல்புக்குப் பங்கு அதிகம் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஒரே பண்டத்தைச் சாப்பிட்டுக்கொண்டே போனால் அதன் மேல் உள்ள ஆசை குறையும், ஆனால் பக்கத்தில் இருக்கும் வேறு பண்டத்தின் மேல் ஆசை அப்படியே இருக்கும். பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளரும் அவரது சகாக்களும் 1980களின் தொடக்கத்தில் இதைச் சோதித்தார்கள். ஒரே வகை சாண்ட்விச் கொடுத்தபோது சாப்பிட்டதைவிட, உள்ளே நாலு விதமாக வைத்துக் கொடுத்தபோது மூன்றில் ஒரு பங்கு அதிகமாகச் சாப்பிட்டார்கள். நாலுக்கே இப்படி. நாற்பது பாத்திரம் வரிசையாக ஆவி பறக்க நிற்கும்போது நாம் எம்மாத்திரம்?

அதனால் நான் அளவைக் கட்டுப்படுத்தும் முயற்சியை விட்டுவிட்டேன். வகையை மட்டும் எண்ணுகிறேன். இரண்டு வகை, அதோடு ஏதாவது ஒரு பழம். அந்த இரண்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்பது என் சட்டம். நடைமுறையில் இரண்டாவது தடவைக்குக் கால் எழுந்திருப்பதே இல்லை. வீட்டிலிருந்து டப்பாவில் கட்டி எடுத்துப் போங்கள் என்று சிலர் சொல்வார்கள். மூன்று நாள் டூருக்கு டப்பா கட்டுகிற மனிதரை நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை. பார்த்தால் விழுந்து கும்பிடுவேன்.

ஆனால் காலையும் மதியமும் பெரிய சிக்கலே இல்லை. சிக்கல் ராத்திரி ஏழரை மணிக்கு மேல். வேலை முடிந்து அறைக்கு வருவீர்கள். கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். ஏசியின் சத்தம் மட்டும். பகல் முழுக்க யாரோடாவது பேசிப் பேசி வாய் ஓய்ந்திருக்கும், ஆனால் நம்மோடு பேச ஒருவரும் இருக்க மாட்டார்கள். வீட்டில் என்றால் அந்த நேரத்தில் குப்பையைக் கொண்டுபோய்ப் போட வேண்டும், பிள்ளையின் கணக்கு நோட்டைப் பார்க்க வேண்டும், யாரோடாவது சின்னதாகச் சண்டை போட வேண்டும். இங்கே மெத்தை, ரிமோட், போன், சாப்பாட்டு அட்டை. பத்து மணிக்கு வருகிற அந்தப் பசி வயிற்றிலிருந்து வருவதில்லை, அது வெறுமையில் பிறக்கிற சபலம். எனக்கு அது புரிய இருபது வருஷம் ஆயிற்று.

சபலம் என்றதும் சிலர் வேறொன்றை நினைத்திருப்பீர்கள். அதுவும் இதே நேரத்தில்தான், இதே வெறுமையில்தான் கதவைத் தட்டும். வேறு ஒருவன்தானே கிளம்பி வந்திருக்கிறான், அவன் செய்வது நம் கணக்கில் வராது என்ற அதே புத்திதான் அங்கேயும் வேலை செய்யும். நான் செய்தது ஒரே ஒரு காரியம். வீட்டுக்குப் பேசும் நேரத்தைச் சாப்பாட்டுக்குப் பின்னாலிருந்து முன்னால் மாற்றினேன். அதுவும் அறையில் உட்கார்ந்து இல்லை, வெளியே நடந்துகொண்டே. அரை மணி நேரம் பேச்சு, அரை மணி நேரம் நடை. மகளின் பள்ளிக் கதையைக் கேட்டுவிட்டுச் சாப்பிட உட்காரும்போது, வீட்டில் தங்கிவிட்ட அந்த ஆள் வந்து எதிரே உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

அடுத்தது குடி. வாடிக்கையாளரோடு உட்காரும் இரவுகள் எல்லோருக்கும் தெரியும். உபதேசம் செய்ய எனக்குத் தகுதி இல்லை. கொழுப்பில் ஒரு கிராமுக்கு 9 கலோரி என்றால் ஆல்கஹாலில் 7. தட்டில் இருப்பதை எண்ணுகிறவர்கள்கூட கோப்பையில் இருப்பதை எண்ணுவதில்லை. அதைவிட மோசம் தூக்கத்துக்கு அது செய்வது. படுத்ததும் தூங்க வைத்துவிட்டு, இரவின் பின்பாதியைத் துண்டு துண்டாக்கிவிடும். கையில் சோடா நிரம்பிய கிளாஸ் இருந்தால் பாதிப் பேர் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கேட்கிற மீதிப் பேரிடம் "காலையில் மெஷின் ஸ்டார்ட் பண்ணணும்" என்பேன். உடம்பைச் சொன்னால் வாதத்துக்கு வருவார்கள், வேலையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள்.

தூக்கம் என்று சொன்னேன் இல்லையா, எல்லாவற்றின் நூலும் கடைசியில் அங்கேதான் போய்க் கட்டியிருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2004இல் வெளியான ஓர் ஆய்வில், 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நாலு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். அவர்கள் நீண்ட நேரம் தூங்கியபோது இருந்ததோடு ஒப்பிட்டால், போதும் என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் 18 சதவீதம் குறைந்திருந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் 28 சதவீதம் கூடியிருந்தது. இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்கள் மேல் ஆசை கூடியதாகவும் சொன்னார்கள். பன்னிரண்டே பேர்தான், சின்ன ஆய்வு. ஆனாலும் அதிகாலை விமானம் பிடித்த நாளின் சாயங்காலம் என் கை எதைத் தேடிப் போகும் என்பது எனக்குத் தெரியும்.

புது இடத்தில் முதல் இரவு சரியாகத் தூக்கம் வராததற்கும் காரணம் உண்டு. பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள்: பழகாத இடத்தில் முதல் இரவு, ஆழ்ந்த தூக்கத்திலும் மூளையின் இடது பாதி வலது பாதியைவிட லேசாகவே தூங்குகிறது. ஒரு பாதி காவலுக்கு உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் நாம் சிடுசிடுப்பாக, கண்டதையும் தின்கிற மனநிலையில் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. அந்த நாளில் மன உறுதியை நம்பி எந்தத் திட்டமும் போடுவதில்லை. இரண்டாம் நாள் என்ன சாப்பிடுவது என்பதை முதல் நாள் வண்டியில் ஏறும்போதே முடிவு செய்துவிடுகிறேன். மாலைக்கு மேல் காபி கிடையாது. குடித்த காபியில் இருக்கும் கஃபீனில் ஏறக்குறைய பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும்.

இங்கே ஒரு புகைச்சல். உடல்நலம் பற்றி அலுவலகத்தில் வகுப்பு எடுப்பார்கள், ஒரு தண்ணீர் பாட்டிலும் கொடுப்பார்கள். அதே அலுவலகம்தான் இரண்டு மணி நேரத்தை மிச்சம் பிடிக்க நடுராத்திரிப் பயணத்துக்கு டிக்கெட் போடும். பாட்டில் வேண்டாம், காலை ஒன்பது மணிக்கு டிக்கெட் போடுங்கள் என்று கேட்டேன். சிரித்தார்கள்.

சரி, உடற்பயிற்சி. இதில் நான் செய்த தப்பு எல்லோரும் செய்வதுதான். ஒரு மணி நேரம் ஜிம், இல்லையென்றால் பூஜ்யம். ஜிம் எட்டு மணிக்கு மூடிவிடும், நான் எட்டேகாலுக்கு வருவேன், ஆக பூஜ்யம். இதிலிருந்து என்னை விடுவித்தவை இரண்டு ஆய்வுகள். 2011இல் வந்த ஒன்றில், 16 வாரம் கடுமையாகத் தசைப் பயிற்சி செய்தவர்கள் அதற்குப் பின் 32 வாரம் அளவைக் குறைத்தார்கள். 20 முதல் 35 வயதுக்காரர்கள் பழைய அளவில் ஒன்பதில் ஒரு பங்கு மட்டும் செய்தே தசையையும் வலுவையும் தக்கவைத்தார்கள். 60 வயது தாண்டியவர்களுக்குத் தசையைக் காக்க அது போதவில்லை, கூடுதலாக வேண்டியிருந்தது. இன்னொன்று பழையது, 1981. வாரம் ஆறு நாள் பயிற்சியை இரண்டு நாளாகக் குறைத்தும், வேகத்தைக் குறைக்காதவர்களுக்கு 15 வாரம் வரை மூச்சுத்திறன் இறங்கவில்லை. எனக்கு வயது அந்த 35க்கும் 60க்கும் நடுவில், அதனால் ஒன்பதில் ஒன்றை நம்பாமல் மூன்றில் ஒன்று செய்கிறேன்.

டூரில் முன்னேற வேண்டாம், கட்டினது இடிந்து விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். இதை ஒப்புக்கொண்ட நாளில் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. கட்டுவதெல்லாம் வீட்டில் இருக்கும் பாதி மாதத்தில். வெளியூரில் அறைக்குள்ளேயே பன்னிரண்டு நிமிஷம்: தண்டால், உட்கார்ந்து எழுவது, பெட்டியை ஒரு கையால் இடுப்பு வரை இழுத்துத் தூக்குவது. குளிக்கப் போவதற்கு முன், நிறுத்தாமல், மூச்சு வாங்கும்படி. முன்பெல்லாம் பத்து நிமிஷமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிக்கொண்டிருந்தது. 2020 வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு, அது எத்தனை துண்டாக வந்தாலும் சரி.

மீதிக்குப் படிக்கட்டு. லண்டனின் இரட்டை மாடிப் பேருந்துகளில் வேலை செய்தவர்களை ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் ஆராய்ந்து 1953இல் வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு. ஒரே வண்டி, ஒரே பாதை. நான் ஓட்டுநராக இருந்தது போதும் என்று லிஃப்டை விட்டேன். முதல் முயற்சியே சிரிப்பாய்ச் சிரித்தது. ஒன்பதாம் மாடியிலிருந்து படியில் இறங்கினேன். பாதியில் மூச்சு வாங்கி ஆறாம் மாடிக் கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. நெருப்பு பிடித்தால் வெளியேறுவதற்கான படிக்கட்டு அது, உள்ளே போனால் கீழே மட்டும்தான் வழி. கடைசியில் சமையலறைக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே டையும் கோட்டுமாக வெளியே வந்தேன். ஒரு சமையல்காரர் என்னைப் பார்த்துச் சல்யூட் அடித்தார். இப்போதெல்லாம் முதலில் வரவேற்பு மேசையில் கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறேன். நாலாம் மாடிக்கு மேல் போகாமல் அறை தரச் சொல்லியும் கேட்கிறேன், நாலு மாடி என்றால் சாக்கு சொல்ல முடியாது.

அந்த ஓட்ட ஷூவைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காலில் போட்டுக்கொண்டேன். வேலைக்கான ஷூதான் இப்போது பெட்டியில் வருகிறது. நாலு மணி நேரத்துக்கு மேல் நகராமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் இரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. விமானம் மட்டுமில்லை, ரயில், பேருந்து, கார் எதுவானாலும். 6000 பேரில் ஒருவருக்கு வரும் அளவு சின்ன அபாயம்தான், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் நடைபாதை ஓர இருக்கையைக் கேட்டு வாங்க எனக்கு அது போதும்.

ஒன்பதில் ஐந்து கிலோ போயிருக்கிறது. மீதி நாலு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியும்: கடைசி நாளில். வேலை முடிந்து கையெழுத்து வாங்கியதும், திரும்பும் வண்டிக்குக் காத்திருக்கும் அந்த மூன்று மணி நேரத்தில். சாதித்துவிட்ட ஆளுக்குப் பரிசு வேண்டாமா என்று உள்ளே இருந்து ஒருவன் கேட்கிறான். அவனுக்குப் பதில் சொல்லும் வித்தை இன்னும் பிடிபடவில்லை. போன வாரம் விமானம் தாமதம். காத்திருப்புக் கூடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஆறு தடவை நடந்தேன். ஏழாவது தடவை நடு வழியில் இருந்த கேக் கடையில் நின்றேன். இரண்டு சாப்பிட்டேன்.