நெதர்லாந்தை எதற்காகப் பாராட்டுகிறேன், எதை மன்னிக்க மாட்டேன்

நெதர்லாந்தின் வளத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "எல்லாம் கொள்ளையடித்த காசு" என்று ஒருவராவது சொல்வார். அந்தக் கோபம் நியாயமானது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் உட்கார்ந்து வியாபாரம் செய்த டச்சுக் கம்பெனி, சோழமண்டலத் துணியோடு நம் மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றியது. ஆனால் அந்தச் செல்வம் மட்டும் இன்றைய நெதர்லாந்தை விளக்கிவிடாது. 1980களின் தொடக்கத்தில் அங்கே பத்தில் ஒருவருக்கு வேலை இல்லை. 1959இல் குரோனிங்கனில் கண்டெடுத்த எரிவாயு பணத்தைக் கொட்டியது. அதில் அந்நாட்டு நாணயமான கில்டரின் மதிப்பு ஏற, மற்ற தொழிற்சாலைகளின் சரக்கு வெளிநாட்டில் விலைபோகாமல் தேங்கியது. பொருளாதாரப் பாடத்தில் "டச்சு நோய்" என்று படிப்பது இதைத்தான்.

1.8 கோடிப் பேர் வாழும் நாடு அது. பிற நாட்டுச் சரக்கை இறக்கி அப்படியே வெளியே அனுப்பும் மறு ஏற்றுமதியையும் சேர்த்தால், ஏற்றுமதியின் அளவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 80 சதவீதத்தைத் தாண்டும். வெளியே விற்றால்தான் வீட்டில் அடுப்பெரியும். சம்பளமும் விலையும் மாறி மாறி ஏறிக்கொண்டே போனால் வாங்குகிறவர்கள் வேறு நாட்டைப் பார்த்துப் போய்விடுவார்கள்.

1982 நவம்பரில் தொழிற்சங்கத் தலைவர் விம் கோக்கும் முதலாளிகள் சங்கத் தலைவர் கிறிஸ் வான் வேனும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். வான் வேனின் வீடு இருந்த வாசெனார் என்ற ஊரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. நம் பஞ்சப்படி மாதிரி, விலைவாசியோடு தானாக ஏறும் சம்பள உயர்வைச் சங்கங்கள் விட்டுக்கொடுத்தன. பதிலுக்கு, வேலை நேரத்தைக் குறைத்து இருக்கிற வேலையைப் பலருக்குப் பகிர முதலாளிகள் இசைந்தார்கள். வலிக்காமல் நடக்கவில்லை. அரசு ஊழியர்களின் சம்பளத்தையே அரசு வெட்டியது. 1983இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆனாலும் எதிரே இருப்பவரின் கணக்கை நம்பிப் பேசும் பழக்கம் முறியவில்லை. அந்த விம் கோக் பின்னாளில் எட்டு ஆண்டுகள் பிரதமராகவும் இருந்தார்.

என்னைக் கேட்டால், அந்த உடன்பாட்டை விடப் பெரியவை பின்னால் வந்த இரண்டு சட்டங்கள். பகுதிநேர ஊழியரை முழுநேர ஊழியரை விடத் தாழ்வாக நடத்தக் கூடாது என்றது 1996ஆம் ஆண்டுச் சட்டம். வாரத்தில் மூன்று நாள் வேலை செய்கிறவருக்கும் மணிக்கணக்கில் அதே சம்பளம், அதே விகிதத்தில் விடுமுறை. வேலை நேரத்தைக் குறைக்கவோ கூட்டவோ கேட்கும் உரிமையை 2000ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. வலுவான காரணம் இல்லாமல் முதலாளி மறுக்க முடியாது. பிள்ளை பெற்றதும் வேலையை விட்டுவிட வேண்டியிருந்த பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய கதவு! வேலைக்குப் போகும் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்று பகுதிநேரம்தான். ஆண்களில் அந்த அளவு இல்லை என்பதும், அதனால் பெண்களின் ஓய்வூதியம் குறைகிறது என்பதும் எனக்கு உறுத்துகிறது.

தாய் வேலைக்குப் போனால் பிள்ளையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே. அதற்காகக் காப்பகச் செலவில் பெரும்பங்கை அரசு உதவித்தொகையாகத் தந்தது. பணத்தைக் கொடுப்பதும் திரும்பப் பிடிப்பதும் வரித்துறையின் கையில் இருந்தது. இங்கேதான் அந்த நாடு தன் ஏழைகளைக் கைவிட்டது.

படிவத்தில் ஒரு கையெழுத்து விடுபட்டால், பெற்றோர் தம் பங்கில் கொஞ்சம் கட்டாமல் விட்டிருந்தால், அந்தத் தொகையை மட்டும் கேட்கவில்லை. ஆண்டு முழுவதும் கொடுத்ததைத் திருப்பிக் கட்டு என்றார்கள். பலருக்குப் பல்லாயிரம் யூரோ. "வேண்டுமென்றே செய்தவர்" என்று முத்திரை குத்தப்பட்டால், கட்ட முடிந்த அளவு தவணையும் கிடையாது. இரட்டைக் குடியுரிமை இருந்தவர்கள் மேல் கூடுதல் சந்தேகம். எங்கள் கோப்பைக் காட்டுங்கள் என்று கேட்ட பெற்றோருக்கு வந்தவை வரிக்கு வரி கறுப்பு மை பூசிய பக்கங்கள். வீடு போனது, குடும்பங்கள் உடைந்தன. பாதிக்கப்பட்ட குடும்பங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள்.

ஈவா கோன்சாலெஸ் பெரெஸ் என்ற வழக்கறிஞர் பல ஆண்டுகள் விடாமல் போராடினார். நாடாளுமன்றத்தில் பீட்டர் ஓம்ட்சிக்ட்டும் ரென்ஸ்கே லெய்டனும் துருவித் துருவிக் கேட்டார்கள். 2020 டிசம்பரில் நாடாளுமன்றக் குழு இதை முன்னெப்போதும் நடந்திராத அநீதி என்றது. அடுத்த மாதமே பிரதமர் மார்க் ருட்டேவின் அமைச்சரவை பதவி விலகியது. மார்ச் தேர்தலில் ருட்டேவின் கட்சியே முதலிடம் பிடித்து, அவரே மறுபடி பிரதமரானார். பாதிக்கப்பட்டவர்களுக்கு 30,000 யூரோ முதற்கட்ட இழப்பீடு என்று அறிவித்தார்கள். அடுத்தகட்ட இழப்பீட்டுக்குப் பலர் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

பேச்சுவார்த்தை மேசையில் வலுவோடு உட்கார்ந்த சங்கத்தை நம்பியது அந்த நாடு. மேசையே இல்லாத தனித் தாயை நம்பவில்லை. இதற்கு மருந்தும் அவர்களுக்குத் தெரியும்: பெற்றோரிடம் முன்பணம் கொடுத்துப் பிறகு விரட்டாமல், காப்பகத்துக்கே அரசு நேரடியாகப் பணம் கட்டுவது. அந்தத் திட்டத்தை அறிவித்துவிட்டு ஆண்டுகளைத் தள்ளிப்போட்டார்கள். 1982இல் அவ்வளவு கடினமான பேரத்தை முடித்தவர்களுக்கு இதைச் செய்ய முடியாது என்றால் நான் ஏற்க மாட்டேன்.