இன்னும் எத்தனை நாள் காத்திருப்பது?

"ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசுவார்கள்" என்று இனி ஒருவர் சொன்னால், என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. ஒன்றரை வயதில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமல், பொம்மைக் காரைக் கவிழ்த்துப்போட்டு அதன் சக்கரத்தை மட்டும் மணிக்கணக்கில் சுழற்றிக்கொண்டிருந்த என் மகனைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, நான் எதற்காகக் காத்திருக்க வேண்டும்? 16 மாதத்திலேயே கேள்வித்தாள் மூலம் ஆட்டிச அறிகுறிகளைச் சோதிக்கலாம் என்றிருக்க, மூன்று வயதாகட்டும் என்றார் ஒரு மருத்துவர். மூன்று வயதானதும், ஏன் இவ்வளவு தாமதமாக வந்தீர்கள் என்று கேட்டார் இன்னொருவர்.

அடுத்தது மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கான அலைச்சல். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அந்தச் சான்றிதழுக்கான, 40 கேள்விகள் கொண்ட மதிப்பீட்டுக்காக, மிக்சி சத்தத்திற்கே காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தையை, இரைச்சல் மிகுந்த வராந்தாவில் காலை முதல் மதியம் வரை உட்காரவைக்கிறார்கள். மூன்றாம் முறை போனபோது, உளவியலாளர் இன்று விடுப்பு என்றார்கள். அதை முன்பே தொலைபேசியில் சொல்லியிருக்கக் கூடாதா? பள்ளியோ சான்றிதழ் கேட்கிறது. கொண்டுபோய்க் காட்டினால் இடமில்லை என்கிறது.

அன்று திரும்பும் பேருந்தில், அழுது ஓய்ந்து என் முந்தானையைக் கடித்தபடி அவன் தூங்கிப்போனான். பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார்: "செல்லம் அதிகமோ?"