எத்தனைச் செடி செட் வேணும்?

இந்தக் கேள்வியை இனி யாராவது என்னிடம் கேட்டால் ஒரு வாளி தண்ணீரை அப்படியே தலையில் ஊற்றுவேன். அதுவும் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை, கண்ணில் பட்டுக் கரிக்கட்டும்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. மட்டக்களப்புக் கல்லடியில் மேல்மாடி வாடகை வீடு. மண்சட்டி வைத்தால் சீமெந்துத் தரையில் கறை பிடிக்கும் என்று வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார். பல்கனியில் வைக்கலாமென்றால் மதியத்து வெயில் பிளாஸ்டிக் கதிரையையே வளைக்கிறது. அதனால் அறைக்குள் ஒரு மூலையில், மண்ணில்லாமல், சொட்டுநீர் போட்டுப் பத்துப் பன்னிரண்டு செடி வளர்க்க ஆசை, புதிதாகத் தொடங்குகிற எனக்கு எந்த அமைப்பு சரிவரும்? இதைக் கடையில் கேட்டேன், கொழும்பிலிருந்து கூரியரில் அனுப்புகிற ஒருவரிடம் போனில் கேட்டேன், சொந்தத்தில் ஒரு அண்ணனிடமும் கேட்டேன் (அவர் வளர்க்காத பயிரே இல்லை, எல்லாம் வாயால்). மூன்று பேரும் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி: எத்தனைச் செடி செட் வேணும்? ஆறா, பன்னிரண்டா, இருபத்துநாலா? கல்யாண வீட்டில் சகனுக்கு (பலர் சுற்றியிருந்து சாப்பிடுகிற பெரிய தட்டு) ஆள் எண்ணுகிற மாதிரி.

என்ன செடி வைக்கப்போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. தண்ணீர் எங்கிருந்து என்று கேட்கவில்லை. கரண்ட் எப்படி என்று கேட்கவில்லை. நானும் மண்டைக்குள் ஒன்றுமில்லாமல் பன்னிரண்டு என்று சொல்லி, அந்தக் கூரியர்காரருக்கு 18,500 ரூபாவை அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன்.

பெட்டி வந்தது. ஒரு நீலத் தொட்டி, மீன்தொட்டிக்குப் போடுகிற சின்னப் பம்பி, பெரிய ஹோஸ் ஒன்று, சேமியா மாதிரிக் குறுக்கு ஹோஸ்கள், பன்னிரண்டு டிரிப்பர் (சொட்டுச் சொட்டாக விடுகிற முனை), ஒரு டைமர், ஏ என்றும் பி என்றும் எழுதிய இரண்டு உரப் போத்தல். அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்னகா புள்ள இது, ஆஸ்பத்திரி வார்ட்டு மாதிரி, எல்லாருக்கும் சேலைன் ஏத்துற" என்றார். சிரித்தேன். பிறகுதான் தெரிந்தது, சேலைன் என்பது எவ்வளவு பொருத்தமான சொல் என்று.

முதலில் தண்ணீர்க் கதை. குழாய்த்தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும், மற்றதெல்லாம் கிணறு, இது வீட்டுச் சட்டம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் ஒரு நாடா மாதிரி மணல், அந்த மணலில் தோண்டிய கிணறு. மாரி பெய்தால் ஓரளவு நல்ல தண்ணீர், ஆவணி மாதத்தில் உப்பு. சரி, தண்ணீர் தண்ணீர்தானே என்று நிரப்பிவிட்டு, செட்டோடு வந்த தாளைப் பார்த்தேன். சலாது இலைக்கு உரம் கலந்தபின் ஈ.சி. (தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்ற அளவு) 1.2 இலிருந்து 1.6 வரை வரவேண்டும் என்று எழுதியிருந்தது. அதை அளக்கிற மீட்டர் செட்டில் இல்லை, அது தனிக்காசு. அதையும் வாங்கி வெறும் கிணற்றுத் தண்ணீரில் வைத்தேன். 1.9. உரம் ஒரு துளி போட முன்னமே! மீட்டருக்கு உரம் எது உப்பு எது என்று தெரியாது, தண்ணீரில் கரைந்து மின்சாரம் கடத்துகிற எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும். அதாவது தாளின் கணக்குப்படி என் செடிகள் ஏற்கெனவே வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டன, சாப்பிட்டது முழுக்கக் கறியுப்பு.

கூரியர்காரரிடம் கேட்டேன். "அப்ப நல்ல தண்ணி பாவியுங்க" என்றார். அடேயப்பா, என்ன ஞானம்.

இதில் கொடுமை என்னவென்றால் அவர் விற்றது சுற்றி வருகிற வகை. சட்டியிலிருந்து வடிகிற கரைசல் திரும்பத் தொட்டிக்கே போய், மறுபடி பம்பி ஏற்றி, மறுபடி சொட்டும். உரம் மிச்சம், தண்ணீர் மிச்சம் என்று அதைத்தான் எல்லோரும் தூக்கிப் பிடிக்கிறார்கள். நல்ல தண்ணீர் உள்ள இடத்தில் உண்மை. உவர்த்தண்ணீரில் என்ன நடக்கும்? செடி நீரைக் குடிக்கும், நைதரசன், பொட்டாசியம் எல்லாம் எடுக்கும், சோடியத்தைப் பெரும்பாலும் தொடாமல் விட்டுவிடும். குறைகிற நீருக்கு நாம் மறுபடி உவர்த்தண்ணீரையே ஊற்றுவோம். ஒவ்வொரு சுற்றிலும் உப்பு ஏறிக்கொண்டே போய்ப் பத்தாம் நாள் தொட்டி குட்டி வாவி. எங்களுக்கு வேண்டியது வடிகிறதை வெளியே விட்டுவிடுகிற வகை, ஊற்றுவதில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு கீழே வடிந்து சேர்ந்த உப்பையும் கழுவிக்கொண்டு போகவேண்டும். அதற்குச் செலவும் குறைவு, திரும்பி வருகிற குழாயே தேவையில்லை, ஒரு பேசின் போதும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதாதா? விற்கிற வாய்க்கு வலிக்குமா?

அப்புறம் டிரிப்பர். இதை நினைத்தால்தான் எனக்கு இரத்தம் கொதிக்கிறது.

தொட்டி கீழே, சட்டிகள் தட்டில் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில். சுவிச்சைப் போட்டேன். பம்பி உறுமியது, ஹோஸ் நிரம்பியது, டிரிப்பரில் ஒரு சொட்டும் இல்லை. பம்பிக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு மட்டும் மூக்கொழுகுகிற பிள்ளை மாதிரிக் கசிந்தன. பழுதான சாமான் என்று நினைத்து மூன்று நாள் கழற்றிப் பூட்டினேன், ஊசியால் குத்தினேன், வாயால் ஊதினேன். பழுது ஒன்றுமில்லை. டிரிப்பரின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது, பிரஷர் கொம்பன்சேட்டிங் என்று. உள்ளே ஒரு றப்பர் தகடு இருக்கிறது, அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் ஒரே அளவு சொட்டச் செய்வதற்கு. நூறு மீட்டர் வரிசையில் முதல் செடிக்கும் கடைசிச் செடிக்கும் சமமாகப் பாயவேண்டிய தோட்டத்துக்கு அருமையான சாமான். ஆனால் அது ஒழுங்காக வேலை செய்யக் குறைந்தது அரை பார், ஒரு பார் அழுத்தமாவது வேண்டும். ஒரு பார் என்றால் பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீரின் பாரம், மூன்று மாடிக்கு மேலே தாங்கி வைத்தால் கிடைக்கிறது. என் பம்பியில் என்ன எழுதியிருக்கிறது? அதிகபட்ச உயரம் 1.5 மீட்டர். அதற்கும் அர்த்தம் அந்த உயரத்தில் தண்ணீர் கொட்டும் என்பதல்ல, அந்த உயரத்தோடு பாய்ச்சல் பூச்சியம் என்பது. மணிக்கு 600 லீட்டர் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது தூக்கவே தேவையில்லாதபோது. ஒரு மீட்டர் ஏற்றினபின் டிரிப்பருக்கு மிஞ்சுவது 0.05 பார். இந்தப் பம்பியையும் இந்த டிரிப்பரையும் ஒரே பெட்டிக்குள் போட்டு 'செட்' என்று பெயர் வைத்த மனிதன் ஒரு நாளாவது அதைப் பிளக்கில் குத்திப் பார்த்திருப்பானா?

கடைசியில் சரிப்படுத்தியது கல்லடிப் பாலத்துக்கு அந்தப்பக்கம் ஹாட்வெயார் கடையில் நிற்கிற ஒரு தம்பி. டிரிப்பர் ஒன்றும் வேண்டாம் அக்கா, எல்லாவற்றையும் கழற்றுங்க, குறுக்கு ஹோஸை எல்லாம் ஒரே நீளத்துக்கு வெட்டுங்க, பெரிய ஹோஸைக் கடைசியில் அடைக்காமல் வளையமாகக் கொண்டுவந்து தொடக்கத்தோடே சேருங்க என்றான். வளையத்தில் தண்ணீர் இரண்டு பக்கத்தாலும் வருவதால் அழுத்தம் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்று. நீளம் ஒன்றென்றால் பாய்வதும் ஒன்று. அதோடு பம்பிக்குப் பிறகு ஒரு சின்ன வடி, 120 மெஷ் (அங்குலத்துக்கு 120 கண்), ஏனென்றால் மண்ணுக்குப் பதிலாகச் சட்டியில் போட்ட தும்புச்சோற்றுத் தூள் போகாத ஓட்டை கிடையாது. 900 ரூபாவில் வேலை முடிந்தது.

தும்புச்சோறு என்றதும் ஞாபகம் வருகிறது, அதையும் கழுவாமல் போட்டேன். மட்டையை உவர்நீரில் ஊறவைத்து எடுத்த தும்பென்றால் சோற்றிலேயே உப்பு இருக்குமென்று பிறகுதான் தெரிந்தது. உப்புக்கு மேல் உப்பு.

ஏ போத்தலையும் பி போத்தலையும் நான் ஒரு சின்ன வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலக்கியதையும் சொல்லிவிடுகிறேன், வெட்கத்தோடு. பால் மாதிரி வெள்ளையாகி அடியில் மா படிந்தது. ஒன்றில் கல்சியம், மற்றதில் சல்பேற்றும் பொஸ்பேற்றும், கெட்டியாகச் சந்தித்தால் சேர்ந்து கல்லாகிவிடும், தொட்டி நிறையத் தண்ணீரில் ஒன்றைக் கலக்கியபின் மற்றதை ஊற்றவேண்டும். போத்தலில் இரண்டு வரி எழுத இடமில்லையாம், ஆனால் தக்காளிப் படம் போட இடம் இருக்கிறது.

டைமர்! சுற்றிவர ஊசி உள்ள, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு ஊசி அழுத்துகிற அந்த வட்ட டைமர். கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும், வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். இங்கே மழைக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று என்று கரண்ட் போகிற ஊர். இரண்டு வாரத்தில் என் டைமருக்கு விடியல் காலை பதினொரு மணி, அறைக்குள் செடிகளுக்கு வெயிலுக்குப் பதிலாக மாட்டிய விளக்கு நடுச்சாமம் தாண்டி எரிகிறது. ஊதா விளக்கு வேறு. முன்வீட்டு மாமி அம்மாவிடம் மெதுவாகக் கேட்டாராம், உங்கட மகள் ராவைக்கு என்ன பூசை செய்யிற என்று. பற்றரி உள்ள டிஜிட்டல் டைமர் ஒன்றைப் போட்டிருந்தால் இந்தப் பெயர் வந்திருக்காது.

விளக்கின் கணக்கையும் ஒருவரும் சொல்வதில்லை. பம்பி சும்மா 15 வாட், அதுவும் நாளுக்குக் கொஞ்ச நேரம். விளக்கு 50 வாட், 14 மணித்தியாலம், மாதம் 21 அலகு. எங்கள் வீடு 60 அலகுக்குள் பார்த்துப் பார்த்து ஓட்டுகிற வீடு, அதைத் தாண்டினால் கட்டணப் படியே மாறும். பில் வந்த அன்று அப்பா ஒன்றும் பேசவில்லை. விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஒரு நியாயமும் சொல்லவேண்டும். 2025 பெப்ரவரியில் ஒரு குரங்கு துணை மின்நிலையத்துக்குள் புகுந்ததென்று நாடு முழுக்க இருண்ட அந்த ஞாயிற்றுக்கிழமை என் செடிகள் வாடவில்லை. தும்புச்சோறு நீரைப் பிடித்து வைத்திருந்தது. குழாயில் மெல்லிசாகத் தண்ணீர் ஓடுகிற மற்ற வகையென்றால் வேர் சில மணித்தியாலத்தில் காய்ந்திருக்கும். அந்த ஒரு விடயத்தில் சொட்டு முறை நல்லது, மறுக்கமாட்டேன்.

ஆனால் எனக்கு அது தேவையாக இருந்ததா? நான் வளர்க்க நினைத்தது சலாது, கங்குன், கொஞ்சம் புதினா. சொட்டு முறை தக்காளிக்கும் கொச்சிக்காய்க்கும் வெள்ளரிக்கும் பொருத்தம், பெரிய வேர், நிறையத் தண்ணீர், மாதக்கணக்கில் நிற்கிற செடி. இலைக்கறிக்கு மீன் வருகிற ரெஜிபோம் (வெள்ளை நுரை) பெட்டி ஒன்றைக் கழுவி, கறுப்புப் பொலித்தீன் விரித்து, மூடியில் ஓட்டை போட்டு, உரக்கரைசலை நிரப்பி வைத்தால் முடிந்தது, நீர் குறையக் குறைய மேல்வேர் காற்றைப் பிடிக்கும். பம்பியும் வேண்டாம் டைமரும் வேண்டாம். ஹவாயில் கிராட்கி என்ற பேராசிரியர் எழுதிவைத்த முறை அது. கங்குனுக்கு அதுகூட வேண்டாம், வாய்க்காலில் யாரும் கேளாமலே வளர்ந்து கிடக்கிறது, நான் அதற்கு 18,500 ரூபாவில் சேலைன் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு செட் விற்பனை கைவிட்டுப் போயிருக்கும். அதனால்தான் கேட்பதில்லை. என்ன செடி, என்ன தண்ணீர் என்று கேட்டால் பாதிப்பேருக்கு விற்க முடியாது, எத்தனை என்று கேட்டால் எல்லோருக்கும் விற்கலாம்.

இப்போது மாரி. கூரைத் தண்ணீரைப் பரலில் பிடிக்கிறேன், ஈ.சி. கிட்டத்தட்டப் பூச்சியம். நாலு கொச்சிக்காய்ச் செடி மட்டும் வளையக் குழாயில் நிற்கிறது, வடிகிற தண்ணீர் கீழே வீட்டுக்காரரின் தென்னைக்கு, அதனால் அவர் இப்போது வாய் திறப்பதில்லை. அம்மா இரண்டு மீன்பெட்டியில் சலாது போட்டுவிட்டு எனக்குப் பாடம் எடுக்கிறார். பன்னிரண்டு டிரிப்பரும் புத்தம் புதிதாகப் பைக்குள் இருக்கின்றன. வீட்டில் ஒரு பார் அழுத்தம் வைத்திருக்கிறவர்கள் யாராவது இருந்தால் வந்து சும்மா எடுத்துக்கொண்டு போங்கள்.