'4ஆம் தரவரிசை' என்றால் நாட்டிலேயே நான்காவது அணி அல்ல

2008இல் அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலின் தேசியக் கோப்பையை ஃப்ரெஸ்னோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி வென்றது. "அது 4ஆம் தரவரிசை அணிதானே, கோப்பை வென்றதில் என்ன அதிசயம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த 4 தேசியத் தரவரிசை இல்லைங்க. அந்தக் கோப்பைக்கான தொடரில் ஆடும் 64 அணிகளை நான்கு நான்காக 16 பிரிவுகளாக்குவார்கள். 4 என்றால் தன் பிரிவிலேயே கடைசி. தங்கள் 'கான்ஃபரன்ஸ்' (சில கல்லூரிகள் சேர்ந்து ஆடும் லீக்) தொடரை வென்றதால்தான் ஃப்ரெஸ்னோவுக்கு நேரடி இடம் கிடைத்தது. அப்படி வந்த அணிதான் தேசிய அளவில் 3ஆம் இடம் தரப்பட்ட அரிசோனா ஸ்டேட்டை வெளியேற்றியது.

இறுதிச்சுற்று ஒரே ஆட்டமும் இல்லை, மூன்றில் இரண்டை வெல்ல வேண்டும். ஜார்ஜியா பல்கலைக்கழக அணியிடம் முதல் ஆட்டம் 6-7 தோல்வி. இரண்டாவதில் 0-5 என்று பின்தங்கி, 19-10 என வென்றார்கள். மூன்றாவது 6-1, அந்த ஆறு ரன்னையும் அடித்துக் கொடுத்தவர் ஃப்ரெஸ்னோ வீரர் ஸ்டீவ் டெட்வைலர் ஒருவரே. சீசன் முடிவில் 47 வெற்றி, 31 தோல்வி.