வெற்றுப் படகின் எடையைக் காட்டி விற்காதீர்கள்

குடும்பத்தோடு ஏரிக்கும் விரிகுடாவுக்கும் போய்வர, பின்னால் நீரைப் பீய்ச்சி ஓடும் ஜெட் படகு வாங்கலாம் என்று தேடத் தொடங்கும் எவர் கையிலும் முதலில் வந்து விழுவது வழவழப்பான அந்த விளம்பரப் புத்தகம்தான். எத்தனை பேர் உட்காரலாம், எத்தனை குதிரைத்திறன், ஒலிபெருக்கி எத்தனை என்பதெல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். கடைசிப் பக்க அட்டவணையின் அடியில், கண்ணுக்கு எளிதில் படாத இடத்தில், எடை 1,580 கிலோ என்று ஒரே வரி இருக்கும். அந்த எண்ணை நம்பித்தான் நான் படகு வாங்கினேன். அந்த எண்ணில் பொய்யில்லை என்று விற்றவர்கள் வாதாடலாம். ஆனால் அந்த எடையோடு என் படகு ஒரு நாள்கூடச் சாலையில் சென்றதில்லை, இனிமேல் செல்லவும் போவதில்லை.

ஏனென்றால் அது வெற்றுப் படகின் எடை. தொட்டியில் ஒரு சொட்டு எரிபொருள் இல்லாமல், நங்கூரமும் கயிறும் உயிர்காப்பு அங்கிகளும் இல்லாமல், கூடுதலாகக் கேட்டு வாங்கிய, இழுவைக் கயிறு கட்டும் கோபுரச் சட்டமும் கூரையும் பொருத்தப்படாமல், எல்லாவற்றுக்கும் மேலாக டிரெய்லரே இல்லாமல், படகைத் தராசில் தூக்கி வைத்தால் கிடைக்கும் எடை அது. டிரெய்லர் இல்லாத படகை எந்த வண்டி சாலையில் இழுத்துச் செல்லும்? இழுத்துச் செல்வதற்கென்றே வாங்கப்படும் பொருளுக்கு, இழுக்கும்போது என்ன எடை இருக்கும் என்பதைத் தவிர மற்றெல்லாவற்றையும் அச்சிடுவது எந்த ஊர் நியாயம்?

என் எஸ்யூவி 2,270 கிலோ வரை இழுக்கும் என்று அதன் கையேடு சொல்கிறது. விற்பனையாளர் 1,580 என்ற எண்ணையும் 2,270 என்ற எண்ணையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, "இன்னும் 690 கிலோ மிச்சம் இருக்கிறது, தாராளமாக இழுக்கும்" என்றார். அந்தத் 'தாராளம்' என்ற சொல்லை என்னால் மறக்க முடியவில்லை. இரண்டு அச்சுகள் கொண்ட டிரெய்லர் மட்டுமே 430 கிலோ. தொட்டி 190 லிட்டர். பெட்ரோல் லிட்டருக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ என்பதால், தொட்டியை நிரப்பினால் 140 கிலோ ஏறிவிடும். இரண்டு பேட்டரிகள், நங்கூரம், சங்கிலி, பனிக்கட்டிப் பெட்டி, நீரில் இழுத்து விளையாடும் காற்று மிதவை, உபரிச் சக்கரம், கோபுரச் சட்டம் என்று சேர்த்தால் இன்னுமொரு 230 கிலோ. ஆக மொத்தம் 2,380 கிலோ. இது நானே கூட்டிப் பார்த்த கணக்கு மட்டுமல்ல, பிறகு எடை மேடையில் ஏற்றியபோது சீட்டில் அச்சாகி வந்த எண்ணும் அதுதான். 690 கிலோ மிச்சம் என்று சொன்ன இடத்தில் 110 கிலோ மிகை.

எடை மேடைக்கு நான் ஆர்வத்தால் போகவில்லை, பயந்துபோய்ப் போனேன். இரண்டாவது பயணத்தில், நீண்ட இறக்கம் ஒன்றில் பெரிய லாரி எங்களைக் கடந்தபோது படகு முதலில் மெல்ல அசைந்தது, அடுத்த நொடியே டிரெய்லர் பாம்பு நெளிவதுபோல இடமும் வலமும் வீசத் தொடங்கியது. பின்னிருக்கையில் பிள்ளைகள் மூவரும் பேச்சு மூச்சின்றி உறைந்து போனார்கள். காலை பிரேக்கில் வைக்கவே மனம் துடித்தது. வைக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மட்டும் விட்டேன். வேகம் குறையக் குறைய ஆட்டம் அடங்கியது. அந்த நேரத்தில் பிரேக்கை அழுத்தியிருந்தால் டிரெய்லர் வண்டியை மடக்கிப் போட்டிருக்கும். இதை எனக்குச் சொல்லித்தந்தது பல ஆண்டுகளாகப் படகு இழுத்துப் பழகிய நண்பர். விற்றவர்கள் சொன்னதில்லை.

காரணம் மிக எளியது. ஜெட் படகில் இயந்திரமும் பம்பும் ஏற்கெனவே பின்புறத்தில்தான் இருக்கின்றன. நாங்களும் சாமான்களைப் பின்பக்கப் பெட்டிகளிலேயே அடைத்திருந்தோம். டிரெய்லரின் மூக்கு வண்டியின் கொக்கி மீது எவ்வளவு அழுத்துகிறது என்பதை, மூக்குப் பாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நான் அளந்ததே இல்லை. மேடையில் வண்டியை மட்டும் நிறுத்தி, டிரெய்லர் மாட்டிய நிலையில் ஒரு முறையும் கழற்றிய நிலையில் ஒரு முறையும் எடை பார்த்தேன். வித்தியாசம் 150 கிலோ, அதாவது படகும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடையில் 6 விழுக்காடு சொச்சம். இந்த அளவு டிரெய்லருக்கு வட அமெரிக்காவில் 10 முதல் 15 விழுக்காடு வரை வேண்டும் என்பார்கள். மூக்கு லேசாக இருந்தால் வால் ஆடும், அவ்வளவுதான் விஷயம்.

சரி, சாமான்களை முன்னால் நகர்த்தினால் தீர்ந்தது என்று நினைத்தேன். அங்கேதான் அடுத்த பொறி இருந்தது. எடையை முன்னால் கொண்டுவந்து மூக்குப் பாரத்தை 10 விழுக்காட்டுக்கு, அதாவது 240 கிலோவுக்கு உயர்த்தினேன். அந்த 240 கிலோவும் என் வண்டியின் பின் அச்சின் மேல் வந்து உட்காருகிறது. வண்டி தன் முதுகில் சுமக்கக்கூடிய எடை 560 கிலோ என்று ஓட்டுநர் கதவை ஒட்டிய பட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். குடும்பத்தில் ஐந்து பேர் 340 கிலோ, கொக்கிச் சட்டம் 25, பெட்டி படுக்கைகள் 60, அவற்றோடு இந்த 240. கூட்டினால் 665 கிலோ, 105 கிலோ மிகை. மூக்கை லேசாக விட்டால் டிரெய்லர் ஆடுகிறது, சரியாக வைத்தால் வண்டி தாங்காது. அதாவது இந்தப் படகுக்கும் இந்த வண்டிக்கும் இந்தக் குடும்பத்துக்கும் ஒத்துப்போகும் நிலை என்று ஒன்று இல்லவே இல்லை. இந்தக் கூட்டலைப் போடக் கடையில் ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. யாரும் போடவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாகன நிறுவனங்கள் பல, இழுக்கும் திறனைக் கணக்கிட வாகனப் பொறியாளர்களின் எஸ்ஏஇ அமைப்பு வகுத்த ஜே2807 என்ற தரத்தைப் பின்பற்றுகின்றன. அந்தத் தரம் வண்டிக்குள் ஓட்டுநரும் பக்கத்தில் ஒருவரும் மட்டுமே இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. ஆளுக்கு 68 கிலோ, ஆக 136 கிலோ. அதற்கு மேல் வண்டிக்குள் ஏறும் ஒவ்வொரு கிலோவையும் இழுக்கும் அளவிலிருந்து நாம்தான் கழித்துக்கொள்ள வேண்டும். குடும்பப் படகு என்று பெயர் சூட்டி விற்கிறார்கள், படத்தில் நான்கு குழந்தைகளைச் சிரிக்க வைத்திருக்கிறார்கள். அந்தக் குழந்தைகள் எந்த வண்டியில் உட்கார்ந்து ஏரிக்கு வந்தார்கள் என்பது மட்டும் எவருக்கும் அக்கறையில்லாத கேள்வியாகிவிட்டது.

இழுக்குமா என்ற கேள்வியையே எல்லோரும் கேட்கிறார்கள், விற்பவர்களும் அதற்கு மட்டும் பதில் சொல்கிறார்கள். சமதரையில் எந்த வண்டியும் எதையாவது இழுத்துவிடும். இறக்கத்தில் நிறுத்துமா என்பதுதான் உயிர் போகும் கேள்வி. ஐரோப்பாவில் பிரேக் இல்லாத டிரெய்லர் 750 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது சும்மா வைத்த விதியல்ல. என் டிரெய்லரில் பிரேக் உண்டு. வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும் விசையிலேயே அது இயங்குகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் டிரெய்லர் ஆடும்போது அதன் பிரேக்கை மட்டும் தனியாகக் கையால் போட அதில் வழியில்லை. அதைச் செய்யக்கூடிய மின்சார வகையும் இருக்கிறது என்பது வாங்கும்போது எனக்குத் தெரியாது. கேட்கவும் தெரியவில்லை, சொல்லவும் ஆளில்லை.

டயர், பேரிங் பற்றி இரண்டு வரி. டிரெய்லர் டயர்கள் தேய்வதற்கு முன்பே வெயிலில் நின்று வெடித்துப்போகும், ஆகவே டயரின் வரிப்பள்ளங்களைப் பார்க்காமல் தயாரித்த ஆண்டைப் பாருங்கள். நீண்ட தூரம் ஓடிச் சூடேறிய சக்கர மையத்தைக் குளிர்ந்த நீரில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி நீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் கெட்டு, பேரிங் நடுச்சாலையில் உயிரைவிடும். இறக்கும் முன் கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள்.

இனி ஜெட்டைப் பற்றிக் கடையில் சொன்ன பாதி உண்மைகளுக்கு வருகிறேன். வெளியே சுழலும் புரொப்பல்லர் இல்லை, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு, ஆழமில்லாத நீரிலும் போகும் என்றார்கள். புரொப்பல்லர் இல்லாதது உண்மையிலேயே பெரிய நிம்மதி, அதற்காகவே நான் இன்னும் ஜெட் படகை விரும்புகிறேன். ஆனால் ஆழமில்லாத நீர் என்பதில் அரை உண்மைதான் இருக்கிறது. 1950களில் நியூசிலாந்தின் ஆழம் குறைந்த ஆறுகளில் செல்வதற்காக வில்லியம் ஹாமில்டன் இந்த ஜெட் முறையைச் செம்மைப்படுத்தினார். படகு வேகமெடுத்து நீர்ப்பரப்பின் மேல் எழும்பி ஓடும்போது அது அற்புதமாக வேலை செய்யும். கரையோரம் முழங்கால் ஆழத்தில் நின்றபடி இயந்திரத்தை முடுக்கினால் கதையே வேறு. படகின் அடிவயிற்றில் இருக்கும் உறிஞ்சுவாய், தரையிலிருக்கும் மணலையும் கூழாங்கல்லையும் பாசியையும் சேர்த்தே இழுக்கும். பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லரின் விளிம்பும் அதைச் சுற்றியுள்ள வளையமும் தேயும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி கூடினால் உந்துவிசை போய்விடும். எங்கள் மிதவையின் கயிறு தளர்ந்து ஒரு நாள் உள்ளே போய்விட்டது. பின்தளத்து மூடியைத் திறந்து, தோள்வரை கையை விட்டு, தண்டில் இறுகிச் சுற்றியிருந்த நைலானைக் கத்தியால் இழை இழையாக அறுத்தெடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. அந்த மூடி இல்லாத மாடலாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கவே முடியவில்லை. படகு பார்க்கப் போகிறவர்கள் மெத்தையின் தையலைத் தடவிப் பார்ப்பதை விட்டுவிட்டு, முதலில் அந்த மூடியைத் திறந்து கையை விட்டுப் பாருங்கள்.

அதைவிட எனக்குக் கோபம் வருவது திருப்பும் விஷயத்தில். ஜெட் படகைத் திருப்புவது பின்னால் பீய்ச்சியடிக்கும் நீர்தான். ஆபத்து என்று ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் நீர்ப் பாய்ச்சலும் நின்றுவிடும், அதோடு திருப்பும் திறனும் போய்விடும். எதிரே தடை வந்தால் மனிதக் கை செய்யும் முதல் வேலை ஆக்சிலேட்டரை விடுவதுதான்! சில மாடல்களில் சுக்கான் போன்ற தகடுகளைப் பொருத்துகிறார்கள்; அவை ஓரளவு உதவும். ஆனாலும் முதன்முறை வாங்கும் குடும்பத்துக்கு இதைத் தண்ணீரில் வைத்துப் பத்து முறை செய்துகாட்டாமல் சாவியைக் கையில் கொடுப்பது பொறுப்பற்ற செயல். எங்களுக்குக் கடையின் முற்றத்தில், படகு டிரெய்லரில் நின்றபடியே, கால் மணி நேரம் பொத்தான்களை மட்டும் காட்டினார்கள்.

விரிகுடா என்றால் உப்பு. கடை ஆள் "வீட்டுக்குப் போனதும் நன்னீரில் கழுவிவிடுங்கள்" என்று ஒரு வாக்கியத்தில் முடித்தார். கழுவுவதில் முறை இருக்கிறது. என் படகைப் போன்ற பலவற்றில் இயந்திரத்தை முதலில் இயக்கிவிட்டுத்தான் குழாயைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது குழாயை முதலில் மூடிவிட்டுத்தான் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். மாற்றிச் செய்தால் புகைபோக்கியின் வழியே நீர் இயந்திரத்துக்குள்ளேயே புகுந்துவிடும். கையேட்டின் நடுவே எங்கோ இருந்த இந்த வரியை என் மனைவி தற்செயலாகப் படித்துச் சொன்னதால்தான் எங்கள் இயந்திரம் தப்பியது. வெறும் வண்ணம் பூசிய டிரெய்லரைக் கடல்நீருக்குக் கொடுத்ததும் அவர்கள்தான், "விரிகுடாவில்தான் அதிகம் ஓட்டுவோம்" என்று நான் முதல் நாளே சொல்லியிருந்தும். துத்தநாகப் பூச்சிட்ட சட்டமோ அலுமினியச் சட்டமோ கேட்டிருக்கலாம் என்பதை முதல் பருவம் முடிந்து துரு பூத்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

இப்போது நாங்கள் கால் தொட்டி எரிபொருளோடு மட்டும் புறப்படுகிறோம், நீர்நிலைக்குப் பக்கத்தில் நிரப்பிக்கொள்கிறோம். பனிக்கட்டிப் பெட்டியும் சாமான்களும் பிள்ளைகள் இருவரும் இரண்டாவது வண்டியில் பின்தொடர்கிறார்கள். குடும்பமாக ஒரே வண்டியில் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகலாம் என்பதற்காக வாங்கிய படகு, எங்களை இரண்டு வண்டிகளில் பிரித்துவைத்திருக்கிறது. புதிதாக வாங்கப்போகிறவர்கள் தயவுசெய்து கடைக்குள் நுழையும் முன் உங்கள் வண்டியின் கதவுப் பட்டையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டி நிரம்பிய படகு டிரெய்லரோடு என்ன எடை, மூக்குப் பாரம் எவ்வளவு என்று கேளுங்கள். தெரியாது என்றால் எடை மேடைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். வரமாட்டோம் என்றால் அந்தப் படகு உங்களுக்கு வேண்டாம். ஓரிரு அடி நீளம் குறைந்த படகு எங்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

எடைச் சீட்டை எடுத்துக்கொண்டு நான் அந்தக் கடைக்குத் திரும்பப் போனேன். 1,580க்குப் பக்கத்தில் 2,380 என்ற எண்ணையும் எழுதிவையுங்கள், அடுத்து வரும் குடும்பத்துக்காவது தெரியட்டும் என்று கேட்டேன். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "எல்லோரும் இப்படித்தான் இழுக்கிறார்கள்" என்றார் அந்த விற்பனையாளர். போன வாரம் அந்த வழியாகப் போனபோது இறங்கிப் பார்த்தேன். அதே மேசை, அதே விளம்பரப் புத்தகம், கடைசிப் பக்கத்தின் அடியில் அதே 1,580.