கிளவுட் பில்லைப் படிக்க வேண்டியவர் கணக்குப்பிள்ளை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சின்ன அளவில் தொழில் நடத்துகிறவர்கள்கூட இன்றைக்கு கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் கணினிக்கு, வந்துவிட்டார்கள். கண்டாங்கிச் சேலையை ஆன்லைனில் விற்கிறவர், ஆத்தங்குடிக் கல்லுக்கு வெளியூர் ஆர்டர் எடுக்கிறவர், கானாடுகாத்தானில் பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக்கியவர், டேலி கணக்கு மென்பொருளை விண்டோஸ் சர்வரில் போட்டுப் பல ஊரிலிருந்து என்ட்ரி போடும் ஆடிட்டர் ஆபீஸ். மாதம் பிறந்தால் பில் வருகிறது. அது நேராக வெப்சைட் செய்து கொடுத்தவருக்குப் போகிறது. அவர் "சர்வர் செலவு இவ்வளவு" என்று ஒரே வரியில் சொல்கிறார். முதலாளி கட்டுகிறார். கணக்குப்பிள்ளை அந்த ஒரு வரியை அப்படியே ஏற்றிக்கொள்கிறார்.

இது கூடாது. கிளவுட் பில்லைக் கணக்கு எழுதுகிறவர்தான் வரிவரியாகப் படிக்க வேண்டும், தொழில்நுட்பம் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினால் போதும். ரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்து, குறிப்பும் பேரேடும் ஐந்தொகையும் எழுதி, கடல் கடந்து நடந்த செலவை ஏட்டிலேயே பார்த்துப் பிடித்த ஊர் இது. மும்பையில் ஓடும் ஒரு மெஷினின் செலவு நமக்குப் புரியாது என்று ஒதுங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: விர்ச்சுவல் மெஷினுக்கு (கிளவுட் நிறுவனத்தின் பெரிய கணினியில் நமக்கென்று பிரித்துத் தரும் பங்கு) பெரும்பாலும் மாத வாடகை என்று ஒன்று கிடையாது. மணிக்கணக்குதான். வருஷத்துக்கு 8,760 மணி, அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 730. விலைப்பட்டியலில் மணிக்கு சில சென்ட் என்று பார்த்தால் ஒன்றுமில்லாதது போல இருக்கும், 730-ஆல் பெருக்கினால்தான் உருவம் தெரியும். அமேசானின் கிளவுட் சேவையான ஏ.டபிள்யூ.எஸ். பில்லில் இது "பாக்ஸ்யூசேஜ்" என்ற பெயரில், பக்கத்தில் மெஷின் வகையோடு இருக்கும். முன்னால் "ஏ.பி.எஸ்.3" என்று இருந்தால் மும்பை. அப்படி இல்லாவிட்டால் உங்கள் மெஷின் மும்பையில் இல்லை, வேறு இடத்தில் ஓடுகிறது, ஏன் என்று கேளுங்கள்.

அந்த வரியோடு முடிந்தது என்று நினைத்தால்தான் சிக்கல். பலகாரம் செய்து அனுப்பும் ஒரு ஆச்சி கேட்டார்: "தம்பி, தீபாவளி முடிஞ்சதும் அந்த ரெண்டாவது மெஷினை நிப்பாட்டிட்டோம்ல, அப்புறம் எதுக்கு மாசாமாசம் காசு போகுது?" மிகச் சரியான கேள்வி. மெஷினை நிறுத்தினால் மணிக்கணக்கு நிற்கும். அதோடு ஒட்டியிருக்கும் டிஸ்க் நிற்காது. 100 ஜி.பி. எடுத்திருந்தால், உள்ளே 10 ஜி.பி. தான் நிறைந்திருந்தாலும், 100-க்கும் காசு உண்டு. மெஷினையே அழித்தாலும், தனியாகச் சேர்த்த டிஸ்க்குகள் அமேசானில் தானாக அழியாது. அவற்றைத் தனியே அழிக்க வேண்டும். பேக்கப்புக்காக எடுத்த ஸ்னாப்ஷாட்களும் (டிஸ்க்கின் அந்த நேரத்து நகல்கள்) அப்படித்தான்.

அடுத்து ஐ.பி. முகவரி, இணையத்தில் மெஷினைக் கண்டுபிடிக்க உதவும் எண். 2024 பிப்ரவரி 1 முதல் அமேசான் ஒவ்வொரு பொது ஐ.பி.வி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறது. ஒரு முகவரிக்கு மாதம் 3.65 டாலர். அதற்கு முன்னால், ஓடுகிற மெஷினில் மாட்டியிருக்கும் முதல் முகவரிக்குக் காசு இல்லை. பழைய நினைப்பில் நான்கைந்து முகவரிகளை வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

டிஸ்க், ஸ்னாப்ஷாட், நாட் கேட்வே (உள்ளே இருக்கும் மெஷின்கள் இணையத்துக்குப் போகும் வாசல்), வெளியே போகும் டேட்டா எல்லாம் அமேசானின் செலவு அறிக்கையில் "ஈ.சி.2 - அதர்" என்ற தலைப்பில் ஒன்றாக விழும்; ஈ.சி.2 என்பது அமேசானின் மெஷின் வாடகைச் சேவை. என்னைக் கேட்டால் கணக்கர் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். "இதர செலவு" என்று ஒரு கடையில் பெரிய தொகை இருந்தால் எந்தக் கணக்குப்பிள்ளையும் சும்மா விடமாட்டார். இங்கே மட்டும் ஏன் விட வேண்டும்?

அதில் இன்னொரு வரி அதிகம் பேர் கவனிக்காதது: "சி.பி.யூ. கிரெடிட்ஸ்". அமேசானின் டி3 வகை மெஷின்கள் விலை குறைவு, காரணம் அவை எந்நேரமும் முழு வேகத்தில் ஓடுவதற்கானவை இல்லை. அதில் டி3.மீடியம் என்ற அளவில் இரண்டு வி.சி.பி.யூ. (மெஷினுக்கு ஒதுக்கிய ப்ராசசர் பங்கு); ஒவ்வொன்றுக்கும் அடிப்படை அளவு 20 சதவீதம். அதற்குக் கீழே ஓடும்போது கிரெடிட் சேரும், மேலே ஓடும்போது கரையும். கரைந்து தீர்ந்தபிறகும் மெஷின் வேகம் குறையாது, ஏனென்றால் டி3-யில் "அன்லிமிடெட்" என்ற அமைப்பு தொடக்கத்திலேயே இயங்கிக்கொண்டிருக்கும். சராசரி அந்த அளவைத் தாண்டினால் லினக்ஸில் ஒரு வி.சி.பி.யூ. மணிக்கு 0.05 டாலர் கூடுதல். இரண்டும் நாள் முழுக்க உச்சத்தில் ஓடினால், ஒவ்வொன்றிலும் அடிப்படைக்கு மேலான 80 சதவீதத்துக்கும் சேர்த்து மணிக்கு 0.08 டாலர் கூடும், இது மெஷினின் வாடகையைவிட அதிகம். வெப்சைட்டில் சேர்த்த ஒரு பழுதான ப்ளகின் (கூடுதல் நிரல்) போதும், மலிவான மெஷின் என்று எடுத்தது விலை கூடிய மெஷினாகிவிடும்.

இனி டேலிக்காரர்களுக்கு. ஆபீஸ் பத்து மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 260 மணி. 730-க்குப் பதிலாக 260 மணி மட்டும் ஓடினால் மெஷின் செலவு ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிவிடும். விண்டோஸ் லைசென்ஸ் அந்த மணிக்கணக்கிலேயே அடங்கியிருப்பதால் அதுவும் சேர்ந்தே குறையும். காலையில் தானாக ஏறி இரவில் தானாக நிற்கும்படி நேரம் குறித்து வைப்பது ஒரு மதியத்து வேலை. இதைச் செய்யாமல் இரவு முழுக்க ஆளில்லாத சர்வருக்குப் பணம் கட்டுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: மைக்ரோசாஃப்ட் அசூரில் இருப்பவர்கள் விண்டோஸுக்குள் போய் ஷட்டவுன் கொடுத்தால் மெஷின் நின்றுவிடும், பில் நிற்காது. போர்ட்டலில் இருந்து நிறுத்தி, நிலை "டீஅலோகேட்டட்" (ஒதுக்கீடு விடுவிக்கப்பட்டது) என்று காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அமேசானில் உள்ளிருந்து ஷட்டவுன் செய்தாலே, அமைப்பை மாற்றாதவரை, மணிக்கணக்கு நின்றுவிடும்.

தள்ளுபடி விஷயம் நம் ஊர்க்காரர்களுக்கு உடனே புரியும். ரங்கூன் செட்டியார் கடைகளில் நடப்பு வட்டி என்றும் தவணை என்றும் இரண்டு கணக்கு இருந்தன. நாள் குறித்துப் போட்ட பணத்துக்கு ஒரு விகிதம், எப்போது வேண்டுமானாலும் எடுக்கிற பணத்துக்கு வேறு விகிதம். கிளவுடில் ஆன்-டிமாண்ட், அதாவது ஓடிய நேரத்துக்கு மட்டும் கட்டுவது, நடப்பு. ஒரு வருஷம் அல்லது மூன்று வருஷத்துக்கு வாக்குக் கொடுக்கும் ரிசர்வ்டு, சேவிங்ஸ் பிளான் எல்லாம் தவணை. அதிகபட்சம் 72 சதவீதம் வரை குறையும் என்று அமேசான் சொல்கிறது, நடைமுறையில் வகைக்கு வகை மாறும். ஆனால் வாக்குக் கொடுத்த தொகை, மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் போய்க்கொண்டே இருக்கும். தினம் இரவில் நிறுத்தப் போகிற மெஷினுக்கு இதை எடுத்தால் நிறுத்தியதன் பலன் போய்விடும். முதலில் தேவையில்லாததை அழித்து, மெஷினின் அளவைக் குறைத்து, ஒன்றிரண்டு மாதம் பில்லைப் பார்த்த பிறகு எது நாள் முழுக்க ஓடியே ஆக வேண்டுமோ அதற்கு மட்டும் தவணை போடுங்கள். வரிசை மாறினால், பெரிய மெஷினை மூன்று வருஷத்துக்குத் தலையில் கட்டிக்கொண்டது போலாகும்.

ஜி.எஸ்.டி. 18 சதவீதம். கிளவுட் கணக்கில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் பதியாமல் வெப்சைட்காரரின் எண் இருந்தால் அந்த உள்ளீட்டு வரி வரவு உங்களுக்கு வராது. இதைக் கணக்கர்தான் முதலில் கண்டுபிடிப்பார்.

அதனால் கிளவுட் கணக்கு உங்கள் தொழிலின் மின்னஞ்சலில், உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணில், உங்கள் கார்டில் இருக்கட்டும். வெப்சைட்காரருக்கு வேலை செய்யத் தேவையான அனுமதி மட்டும் கொடுங்கள். அவரைச் சந்தேகப்படுவதாக இதற்கு அர்த்தம் இல்லை, அவருக்கும் பாதுகாப்பு இதுதான். கணக்கருக்கு பில்லை மட்டும் பார்க்கும் தனி லாகின் கொடுக்கலாம். அமேசானில் அதற்கு முன் ரூட் கணக்கில் (முழு அதிகாரம் உள்ள உரிமையாளர் கணக்கு) நுழைந்து, மற்ற பயனர்கள் பில்லிங் பகுதியைப் பார்க்கும் அனுமதியை ஒருமுறை இயக்க வேண்டும். அங்கேயே பட்ஜெட் ஒன்றும் போட்டுவிடுங்கள், தொகை தாண்டினால் மெயில் வரும். தனியாக அமைத்து வைக்காதவரை மெயில் மட்டும்தான் வரும், மெஷின் நிற்காது. செலவுக் கணக்கும் சில மணி நேரம் பின்தங்கித்தான் ஏறும். ஆகவே அந்த மெயில் வெப்சைட்காரருக்கு மட்டும் போகாமல், கணக்கர் தினமும் திறக்கும் முகவரிக்கும் போகும்படி அமையுங்கள்.